கொழும்புக் குப்பையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடியின் வாசலில் காலையில் வைக்கப்படும் சொப்பிங் பை ஒன்றை அவிழ்த்துப் பாருங்கள். மேலே சோற்றுப் பார்சலின் தாள், அதில் ஒட்டிய பருப்பும் நாலு பிடி சோறும். அதற்குக் கீழே பால் பிழிந்த தேங்காய்ப்பூச் சக்கை. தொட்டால் இன்னும் கையில் ஈரம் படும். தேயிலைச் சக்கை, வெங்காயத் தோல், பப்பாசியின் தோலும் விதையும், மீனின் செவுளும் குடலும், முட்டைக்கோது. இடையில் ஒரு யோகட் கோப்பை, ஒரு பால்மா பைக்கற். பையின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மண்ணிறத் தண்ணீர்.

அந்தப் பையில் எண்ணிக்கையில் கண்ணில் படுவது பிளாஸ்டிக். எடையில் கனப்பது குசினிக் கழிவு. குசினிக் கழிவிலும் கனப்பது தண்ணீர். பச்சை மரக்கறித் தோலில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நீர். வெந்த சோற்றில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல். உக்கக்கூடிய கழிவு பாதிக்கு மேல் உள்ள கொழும்புக் குப்பையை மொத்தமாக எடுத்துக் காயவைத்தால், மழைக் காலத்தில் அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஆவியாகிப் போய்விடும். இந்த நகரத்தின் குப்பை விவகாரத்தில் பிழையாய்ப்போன ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்தால் அடியில் இந்தத் தண்ணீர்தான் நிற்கிறது. மீத்தொட்டமுல்ல குப்பை மேடு சரிந்ததும், குப்பையை எரிக்கும் உலை எரியச் சிரமப்படுவதும், குப்பை மேட்டிலிருந்து மெதேன் கிளம்புவதும், லொறி போன பாதையெல்லாம் நாறுவதும் நமக்கு நாலு தனிப் பிரச்சினைகளாகத் தெரிகின்றன. அவற்றுக்கு வேர் ஒன்றுதான்.

முதலில் லொறி. அழுத்தும் லொறியின் பின்பக்கத்தில் பை நசுங்கும்போது அதில் கட்டப்பட்டிருந்த நீர் வெளியே வருகிறது. இதுதான் கசிநீர். புதிய குப்பையின் கசிநீர் மலசலகூடக் கழிவுநீரைவிடப் பல மடங்கு செறிவானது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் நீரிலிருந்து உறிஞ்சும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இலங்கையின் பொது நியமம். புதிய கசிநீரில் அது ஆயிரக்கணக்கில், சில வேளை பத்தாயிரக்கணக்கில் இருக்கும். லொறியின் கீழ் உள்ள கசிநீர்த் தொட்டியின் அடைப்பான் தேய்ந்திருந்தால் அது அப்படியே வீதிக்கும், வீதியிலிருந்து மழைநீர் வடிகானுக்கும், அங்கிருந்து கால்வாய்க்கும் போகிறது. கால்வாய் நீரின் ஒட்சிசனை அது தின்றுவிடுவதால் மீன் செத்து மிதக்கிறது; அதிலுள்ள போசணையால் ஆகாயத்தாமரை செழிக்கிறது.

தூரம் கூடக்கூட தண்ணீரைச் சுமக்கும் செலவும் கூடுகிறது. புத்தளம் மாவட்டத்தின் வனாத்தவில்லுப் பக்கத்தில், பழைய சுண்ணாம்புக்கல் அகழ்விடத்தில் அமைக்கப்பட்ட அருவக்காடு நிலநிரப்பு (குப்பையைப் புதைக்கும் இடம்) கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர். பத்துத் தொன் குப்பையில் ஈரலிப்பு 65 வீதம் என்று வைத்துக்கொண்டால், அங்கே போவது மூன்றரைத் தொன் பொருளும் ஆறரைத் தொன் தண்ணீரும். அதே குப்பையை 50 வீத ஈரலிப்புக்கு வடித்துவிட்டால் மொத்தம் ஏழு தொன்தான். மூன்று தொன் தண்ணீரை புத்தளம் வரை கொண்டுபோக டீசல் எரிக்கத் தேவையில்லை. புத்தளம் மக்கள் இந்த நிலநிரப்பை எதிர்த்தபோது முன்வைத்த நியாயங்களில் நிலத்தடி நீர் முக்கியமானது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் நீர் வெடிப்புகள் வழியே வேகமாக ஓடும். அடியில் போடும் விரிப்பில் ஒரு கிழிசல் விழுந்தாலே கிணறுகள் வரை போகலாம். அந்த அச்சத்தை எடுத்தெறிந்து பேசியது நியாயமில்லை. தலைநகர் தன் ஈரத்தைப் பிரிக்காமல் இன்னொரு மாவட்டத்தின் கிணற்றுக்கு அருகே கொண்டுபோய் வைக்கும்போது அந்த மாவட்டம் கேள்வி கேட்கத்தான் செய்யும்.

மீத்தொட்டமுல்ல எப்படிச் சரிந்தது

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம். பிற்பகலில் கொலன்னாவப் பகுதியில் மீத்தொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் உயிரிழந்தது உறுதியானது. காணாமல் போனவர்களும் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அதற்கு முன் கொழும்பின் குப்பை கொட்டப்பட்ட புளூமெண்டல் மேடு மூடப்பட்ட பின், 2009 முதல் கொழும்பு மாநகர சபையின் குப்பை அங்கே போய்க்கொண்டிருந்தது. எட்டு வருடங்களில் மேட்டின் உயரம் சுமார் 48 மீற்றர் ஆகியிருந்தது. பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது.

பலர் இதைக் குப்பை மேல் குப்பை சறுக்கி விழுந்த சம்பவமாக நினைக்கிறார்கள். நடந்தது அதுவல்ல. அடிநிலம் உடைந்தது. கொலன்னாவச் சதுப்பு நிலத்தின் மேல்மண் முற்றா நிலக்கரி கலந்த களி. உக்கிய தாவரங்களும் நீரும் சேர்ந்த, கையால் பிசையக்கூடிய மண். இப்படியான மண்ணில் சுமையை ஏற்றினால், முதலில் அந்தச் சுமையைத் தாங்குவது மண் துணிக்கைகள் அல்ல, அவற்றுக்கிடையே அடைபட்ட நீர். நீருக்கு வெட்டு வலிமை, அதாவது சறுக்காமல் தாங்கும் பலம், கிடையாது. அந்த நீர் மெல்ல மெல்லப் பிழிந்து வெளியேறினால்தான் துணிக்கைகள் ஒன்றோடொன்று அழுந்தி மண் இறுகும். அதற்கு மாதங்களும் வருடங்களும் வேண்டும். லொறிகளோ தினமும் நூற்றுக்கணக்கான தொன் கொட்டின.

ஒரு சிறு கணக்குப் போடலாம். மிக மிருதுவான சதுப்புக் களியின் வெட்டு வலிமை சதுர மீற்றருக்கு ஒரு தொன் அளவு. அதன் மேல் திடீரென்று ஏற்றக்கூடிய சுமை அதைப்போல் ஐந்து மடங்கு வரை. அதாவது சதுர மீற்றருக்கு ஐந்து தொன். அழுந்தி நனைந்த குப்பை கன மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு தொன். ஆகவே ஐந்து மீற்றர் உயரத்திலேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும். வருடக்கணக்கில் மண் ஓரளவு இறுகியதால்தான் மேடு அவ்வளவு உயரம் போனது. ஆனால் நடுவில் மண் இறுகினாலும், ஓரத்தில், வீடுகளின் பக்கமாக, அது இறுகாமலே இருந்தது.

அதோடு மழை. கொழும்பில் வருடத்துக்கு சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இருபது ஏக்கர் மேட்டின் மேல் அது ஏறத்தாழ 19 கோடி லீற்றர். மேலே களிமண் மூடலோ, மழைநீரை ஒதுக்கும் வாய்க்காலோ இல்லாத மேடு அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். குப்பை கனக்கிறது, உள்ளே நீர்மட்டம் ஏறுகிறது, அடிமண்ணில் நீரழுத்தம் கூடுகிறது. மூன்றும் ஒரே திசையில் இழுக்கின்றன. பொலித்தீன் படைகள் உள்ளே நீரைக் கிடையாகத் தடுத்து, தொங்கும் குளங்களை உண்டாக்கும்.

இப்படி அடிநிலம் உடையும்போது மேடு கீழே அமிழும், பக்கத்து நிலம் மேலே எழும்பும். வீட்டுத் தரை வீங்குவது, சுவரில் சாய்வாக வெடிப்பு விழுவது, கதவு நிலையில் இறுகுவது, வடிகான் எதிர்ப்பக்கம் ஓடுவது: இவை குப்பை மேட்டின் ஓரத்தில் இருப்பவர்களுக்கு நாட்களுக்கு முன்பே கிடைக்கும் அறிகுறிகள். மீத்தொட்டமுல்லவிலும் நிலம் எழும்பியிருந்தது. குப்பை மேட்டுக்கு அருகில் வாழும் எவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மேட்டை அண்ணாந்து பார்ப்பதைவிட வீட்டுத் தரையைப் பார்ப்பது முக்கியம்.

அந்தச் சரிவுக்குப் பின் நகரத்தில் குப்பை அகற்றல் தடுமாறியது. வீதியோரத்தில் தேங்கிய கோப்பைகளிலும் இளநீர்க் கோம்பைகளிலும் மழைநீர் நின்றது. அதே வருடம் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோருக்கு டெங்கு; அதுவரை நாடு கண்டிராத அளவு. அந்த வருடப் பெருக்கத்துக்கு வைரஸின் வகை மாறியது உட்பட வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் அகற்றப்படாத குப்பை நுளம்புக்குத் தொட்டில் என்பதில் சந்தேகமில்லை.

கண்ணுக்குத் தெரியாத பகுதி

குப்பை மேட்டின் உள்ளே ஒட்சிசன் இல்லை. ஈரமும் வெப்பமும் தாராளமாக உண்டு. மெதேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு வேறென்ன வேண்டும்? காலநிலை மாற்றத்துக்கான அரசாங்கங்களுக்கிடையிலான குழுவின் வழிகாட்டிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஈரமான உணவுக் கழிவின் எடையில் 15 வீதம் உக்கக்கூடிய காபன். அதில் பாதி மேட்டுக்குள் சிதையும். வரும் வாயுவில் பாதி மெதேன். ஐந்து மீற்றருக்கு மேல் ஆழமான, முறையற்ற குப்பை மேட்டுக்கு 0.8 என்ற காரணி. இவற்றைப் பெருக்கி, காபன் எடையை மெதேன் எடையாக்க 16/12 ஆலும் பெருக்கினால், ஒரு தொன் உணவுக் கழிவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோ மெதேன் வருகிறது. நூறு வருடக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைவிட சுமார் 28 மடங்கு சூடேற்றும். ஆக ஒரு தொன் குசினிக் கழிவு, ஒரு தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டுக்குச் சமம். கார் ஒன்றில் ஏறக்குறைய 480 லீற்றர் பெற்றோல் எரித்தது போல. இருபது வருடக் கணக்கில் பார்த்தால் மெதேனின் வேகம் எண்பது மடங்கு அளவு. நம் வாழ்நாளுக்குப் பொருந்துவது அந்தக் கணக்கு.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. குளிரான நாடுகளில் உணவுக் கழிவு மேட்டுக்குள் மெதுவாகச் சிதையும். ஈரமான வெப்ப வலயத்தில் அது பாதியாகக் குறைய இரண்டு வருடம் கூடப் பிடிப்பதில்லை. நிலநிரப்பு ஒன்றில் வாயு உறிஞ்சும் குழாய்களை வழக்கமாக ஒரு பகுதி நிரம்பி மூடப்பட்ட பிறகுதான் இறக்குவார்கள். அதற்குள் கொழும்புக் குப்பையின் மெதேனில் பெரும்பகுதி வானத்துக்குப் போய்விட்டிருக்கும். வெளிநாட்டில் வெற்றிகரமாக இயங்கும் தொழில்நுட்பத்தை இங்கே கொண்டுவந்து வைத்தால் எதிர்பார்த்த வாயு கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். குழாயில் பிழையில்லை, நாம் தாமதம். நம் காலநிலையில் மெதேனைப் பிடிப்பதைவிட, அது உண்டாகாமல் தடுப்பதே நடக்கக்கூடிய காரியம்.

எரிப்பது

2021 பெப்ரவரியில் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. தேசிய மின்வலைக்கு 10 மெகாவாற். தினமும் 600 முதல் 700 தொன் வரை எரிக்கும் நோக்கில் கட்டப்பட்டது. மீத்தொட்டமுல்லவுக்குப் பின் குப்பை போக ஒரு வழி கிடைத்தது பெரிய விடயம். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அங்கேயும் தண்ணீர் பின்தொடர்கிறது.

முழுதாகக் காய்ந்த குப்பை கிலோவுக்கு 16 மெகாஜூல் வெப்பம் தரும் என்று எடுத்துக்கொள்வோம். 65 வீதம் ஈரமான ஒரு கிலோவில் காய்ந்த பொருள் 350 கிராம்தான். அது தருவது 5.6 மெகாஜூல். மீதி 650 கிராம் தண்ணீரை ஆவியாக்க 1.6 மெகாஜூல் போகிறது. மிஞ்சுவது 4. இத்தகைய உலை துணை எரிபொருள் இல்லாமல் ஒழுங்காக எரிய கிலோவுக்கு 6 அல்லது 7 மெகாஜூல் வேண்டும். ஈரத்தை 50 வீதத்துக்குக் குறைத்தால் அதே கணக்கு 6.8 ஆகிறது. பதினைந்து வீதத் தண்ணீர்தான் எரியும் குப்பைக்கும் எரியாத குப்பைக்கும் இடையில் நிற்கிறது.

அதனால் இந்த வகை ஆலைகளில் குப்பையை வந்தவுடன் எரிப்பதில்லை. பெரிய குழித் தொட்டியில் சில நாட்கள் கிடக்கவிட்டு, பாரந்தூக்கியின் நகத்தால் கிளறிக் கிளறிப் போட்டு, நீரை வடியவிடுவார்கள். நூறு தொன்னுக்குப் பதினைந்து இருபது தொன் கசிநீர் வடியும். அதைத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும். மழை வாரத்தில் ஈரம் மேலும் கூடி, உலையின் வெப்பம் தளர்ந்தால் அது மின்சார இழப்போடு நிற்காது. வாயு 850 பாகை செல்சியஸில் இரண்டு வினாடியாவது நிற்க வேண்டும் என்ற விதி டயொக்சின் போன்ற நஞ்சுகள் சிதைவதற்காக வகுக்கப்பட்டது. வெப்பம் அதற்குக் கீழே போனால் டீசல் ஊற்றி ஏற்ற வேண்டும், அல்லது நஞ்சு புகைபோக்கியால் போகும். எரித்தபின் அடிச்சாம்பலும் பறக்கும் சாம்பலும் மிஞ்சும். பறக்கும் சாம்பல் பார உலோகங்கள் செறிந்த ஆபத்தான கழிவு. அதைச் சாதாரண மண்போல் நிரப்பக் கூடாது. வீட்டு முற்றத்தில் பொலித்தீனைக் கொளுத்துகிறவர்களுக்கு இந்த 850 பாகை ஒரு நல்ல அளவுகோல். முற்றத்து நெருப்பு அந்த வெப்பத்தில் பாதியைக்கூடப் பல இடங்களில் எட்டாது.

சட்டம் எங்கே பார்க்கிறது

2016 நவம்பர் 1 முதல் குப்பையைத் தரம்பிரித்துக் கொடுப்பது கட்டாயமாக்கப்பட்டது. பச்சை உக்கக்கூடியது, நீலம் கடதாசி, செம்மஞ்சள் பிளாஸ்டிக், சிவப்பு கண்ணாடி, மண்ணிறம் உலோகம் என்று நிறங்களும் உண்டு. 2017 செப்டெம்பரில் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீன், லஞ்ச் ஷீட், ரெஜிபோம் பெட்டிகளுக்குத் தடை. 2021 மார்ச் இறுதியில் சிறு சஷே பைக்கற்றுகள். 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, தட்டு, கரண்டி, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு. எல்லாம் தேவையான தடைகள். வடிகான் வாயை அடைப்பது வாழைத்தோல் அல்ல, பொலித்தீன். வெள்ளம் வரும் நாளில் அது தெரியும். ஆனால் இவை அத்தனையும் குப்பையின் இலேசான பகுதியைப் பற்றியவை. கனமான பகுதிக்கு இருப்பது ஒரு பச்சை வாளி மட்டும்.

அந்த வாளி ஏன் தோற்கிறது என்று வீடுகளில் கேட்டால் ஒரே பதில்: “நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் அவர்கள் ஒரே லொறியில்தானே போடுகிறார்கள்.” பல இடங்களில் அது உண்மை. ஒரே லொறியில் இரண்டு அறை கட்டினால், ஒன்று நிரம்பியதும் மற்றது பாதி வெறுமையாகத் திரும்ப வேண்டியிருக்கும். அதனால் தொழிலாளர் கலந்துவிடுவார்கள். நடைமுறைக்கு உகந்தது நாளைப் பிரிப்பதுதான். உக்கக்கூடியது கிழமையில் மூன்று நாள், உக்காதது ஒரு நாள், அந்த நாளில் மற்றதை ஏற்றுவதில்லை. இது பல உள்ளூராட்சிப் பகுதிகளில் நடக்கிறது. நடக்காத இடங்களில் நாள் அட்டவணையைக் கேட்டு வாங்குவது குடியிருப்பாளர் சங்கங்கள் செய்யக்கூடிய வேலை.

கலந்த குப்பையிலிருந்து பிறகு கூட்டெரு செய்யலாம் என்ற எண்ணமும் சோதிக்கப்பட்டுவிட்டது. 2008 இல் தொடங்கிய பிலிசரு திட்டத்தின் கீழ் நாடெங்கும் கூட்டெரு நிலையங்கள் கட்டப்பட்டன. ஒழுங்காகப் பிரித்த குப்பை வந்த இடங்களில் நல்ல எரு வந்தது. கலந்து வந்த இடங்களில் கண்ணாடித் துண்டும் பற்றரித் துகளும் கலந்த கறுப்பு மண் வந்தது. விவசாயி அதை வாங்கமாட்டார். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது நகரக் குப்பையே வயலைக் காப்பாற்றும் என்று பேசப்பட்டது. ஒரு தொன் கூட்டெருவில் நைதரசன் 10 முதல் 15 கிலோ. ஐம்பது கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ. அந்த இடைவெளியை எந்த மேடைப் பேச்சாலும் நிரப்ப முடியாது. கூட்டெருவின் உண்மையான பயன் மண்ணின் நீர்ப்பிடிப்பும் உயிரும். அந்த அளவில் அது மதிப்புள்ளது.

குசினியில் தொடங்குவது

எல்லாவற்றுக்கும் முந்திய படி மிக எளிது: தண்ணீரை வடிப்பது. சிங்க்கின் ஓரத்தில் ஓட்டைக் கூடை ஒன்று. சக்கையும் தோலும் முதலில் அதற்குள். இரவு கிடந்து வடிந்ததைக் காலையில் பத்திரிகைத் தாளில் சுற்றி வாளியில் போடுங்கள். குழம்பு மிச்சத்தை வாளியில் ஊற்றாதீர்கள்; பிழிந்து, கட்டியை மட்டும். எண்ணெய் சிங்க்குக்குள் போகக் கூடாது, தாளில் துடைத்துப் போட வேண்டும். பொலித்தீன் பைக்குள் இறுக்கி முடிச்சுப் போடுவதுதான் மிகக் கெட்ட வழி. ஈரம் உள்ளே அடைபட்டு, ஒட்சிசன் தீர்ந்து, லொறி வருவதற்குள் அழுகல் தொடங்கிவிடும். பிரித்த குப்பையை யாரோ மறுபடி கலக்கலாம். வடித்த தண்ணீரை யாரும் திரும்பக் கலக்க முடியாது. அதனால் உங்கள் லொறி எப்படி ஏற்றினாலும் இதைச் செய்வதில் பயன் உண்டு.

அடுத்தது உக்கவைப்பது. நாலு பேர் உள்ள வீட்டில் வடித்த குசினிக் கழிவு நாளைக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மாடி வீட்டில் இருபது லீற்றர் பெயின்ற் வாளிகளில் தொடங்கலாம். பக்கங்களில் பத்து சென்ரிமீற்றர் இடைவெளியில் பென்சில் பருமனுக்குத் துளை, அடியில் ஐந்தாறு துளை, கீழே ஒரு தட்டு. வாளியின் அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தும்புத்தூள் அல்லது காய்ந்த இலை. தினமும் கழிவைச் சிறிதாக வெட்டிப் போட்டு, அதன் கன அளவில் இரண்டு மடங்கு காய்ந்த பொருளால் மூட வேண்டும்: தும்புத்தூள், மரத்தூள், கிழித்த முட்டைத் தட்டு, காய்ந்த இலை. முதல் வாளிக்கு மட்டும் இரண்டு கைப்பிடி பழைய கூட்டெருவோ தோட்டத்து மண்ணோ கலந்தால் நுண்ணுயிர் வந்துவிடும். கிழமைக்கு இரண்டு தடவை அடிவரை கிளற வேண்டும். வாளி நிரம்பியதும் மூடி வைத்து அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டு மாதத்தில் முதல் வாளி மண்வாசனையோடு இருக்கும்.

ஈரலிப்பை அறிய ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஒரு துளி வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம். பிடி உதிர்ந்தால் குறைவு. அழுகிய முட்டை மணம் வந்தால் காற்றுப் போகவில்லை: தும்புத்தூள் சேர்த்துக் கிளறுங்கள். கண்ணை எரிக்கும் அமோனியா மணம் வந்தால் மீனும் பருப்பும் கூடிவிட்டன, காய்ந்த காபன் குறைந்துவிட்டது. எறும்பு வந்தால் வாளி காய்ந்திருக்கிறது, நீர் தெளித்தால் போய்விடும். சாம்பல் நிறத் தடித்த புழுக்கள் நிறையக் கண்டு பலர் வாளியையே வீசிவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். நோய் பரப்புவதில்லை, கழிவை வேகமாகத் தின்னும். பார்க்கப் பிடிக்காவிட்டால் காய்ந்த பொருளைக் கூட்டினால் குறையும். மாநகர சபைகளும் மாகாண அமைப்புகளும் கொடுக்கும் அடியில்லாத பெரிய பீப்பாய்களில் வரும் பிழை வேறு: அவற்றைச் சீமெந்துத் தரையில் வைத்துவிடுகிறார்கள். அவை மண்ணில் நிற்க வேண்டியவை. கசிவை மண் குடிக்கும், மண்புழு உள்ளே ஏறும்.

சிறிய வாளியில் வெப்பம் ஏறாது. ஒரு கன மீற்றர் குவியலாவது இருந்தால்தான் உள்ளே 55 முதல் 65 பாகை வரை சூடேறி, விதைகளும் கிருமிகளும் சாகும். அதனால் வாளி எருவில் தக்காளியும் பப்பாசியும் தாமாக முளைப்பது இயல்பு. மீன், இறைச்சி, பூனை மலம் போன்றவற்றை வாளியில் தவிர்ப்பது நல்லது. இப்படி உக்கும்போதும் மெதேன் முற்றாக இல்லாமல் போவதில்லை. தொன்னுக்கு நாலு கிலோ அளவு வரும். குப்பை மேட்டின் நாற்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தமாகக் கழிவு வரும் இடங்களில் கணக்கு இன்னும் சாதகமானது. 2020 இன் இறுதியில் திறக்கப்பட்ட பேலியகொட மெனிங் சந்தையில் கோவா இலையும் அழுகிய தக்காளியும் ஒரே இடத்தில், பிளாஸ்டிக் அதிகம் கலக்காமல் சேர்கின்றன. அப்படியான கழிவு ஒரு தொன்னிலிருந்து உயிர்வாயுக் கலனில் 60 முதல் 80 கன மீற்றர் வாயு எடுக்கலாம், 12.5 கிலோ சமையல் வாயுச் சிலிண்டர் இரண்டு மூன்றுக்குச் சமம். மேட்டுக்குள் எதிரியாக இருக்கும் அதே ஈரம் இங்கே தேவையானது. ஒரே ஒரு நிபந்தனை, புளிப்பான பழக் கழிவை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. அமிலம் கூடி மெதேன் நுண்ணுயிர் செத்தால் கலன் மீண்டும் ஓட வாரக்கணக்கில் ஆகும்.

தொடர்மாடிகளுக்கு வருவோம். நாற்பது வீடுள்ள கட்டடத்தில் நாளைக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோ குசினிக் கழிவு. இரண்டு மாதத்துக்கு மூன்று தொன். உக்கும்போது கன அளவு பாதிக்கு மேல் சுருங்கும் என்பதால், இரண்டு மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் உயரத்தில் சீமெந்துக் கல்லால் இரண்டு பெட்டி கட்டித் தொடங்கலாம். ஒன்று நிரம்ப ஒன்று முதிரும். கற்களுக்கிடையே காற்றுக்கு இடைவெளி, எலி புகாத கம்பி வலை, மேலே சாய்வான தகரம். வைகாசி மழை சரிவாக அடிக்கும் பக்கத்தில் தகரம் ஒரு அடி நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி ஒரே வாரத்தில் சேறாகிவிடும். தரையைச் சற்றுச் சாய்த்து, கசிவை மழைநீர்க் கானுக்கு அல்ல, கழிவுநீர்க் குழாய்க்கு இணைக்க வேண்டும். இந்த அளவில் குவியல் சூடேறும். மீன் கழிவையும் நடுவில் புதைக்கலாம்.

இப்படிக் கட்டி ஆறு மாதத்தில் கைவிடப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலானவை தோற்றது கட்டடப் பிழையால் அல்ல. கிழமைக்கு இரண்டு தடவை மண்வெட்டியால் கிளறும் வேலை யாருடையது என்று எழுதி வைக்கவில்லை. கட்டடத்துக் காவலாளியோ துப்புரவு செய்பவரோ தன் வேலைக்கு மேல் இதையும் சும்மா செய்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு தடவை கிளற ஒரு மணித்தியாலம். மாதத்துக்கு எட்டு அல்லது ஒன்பது மணித்தியாலம். அதற்கான கூலி, கையுறை, பூட்ஸ், இரண்டு மூட்டை தும்புத்தூள்: இவற்றை நாற்பது வீடுகளின் பராமரிப்புக் கட்டணத்தில் தனி வரியாகப் போட்டுவிட்டு, அதன் பிறகு கல் வாங்குங்கள்.